718 கேமன் எஸ், நீலகிரி ரோடு: 20 இன்ச்சிலேயே இருக்கலாமா, 19-க்கு இறங்கலாமா?

கோத்தகிரி_கியர்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி போர்ஷே 718 கேமன் எஸ், பிடிகே (போர்ஷேயின் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ், சாதா இரும்பு டிஸ்க்தான், செராமிக் பிரேக் இல்லை. இப்போது இருப்பது கம்பெனி 20 இன்ச் அலாய். முன்னால் 8ஜே ஈடி57 ரிம்மில் (8ஜே என்றால் ரிம் அகலம் 8 இன்ச், ஈடி என்றால் ஆஃப்செட், மி.மீ. கணக்கில்) 235/35 ஆர்20, பின்னால் 10ஜே ஈடி45 ரிம்மில் 265/35 ஆர்20. நாலு டயரும் மாற்றும் நிலைக்கு வந்துவிட்டது. எப்படியும் செலவு செய்யப்போகிறோம், சைஸையும் சேர்த்தே யோசித்துவிடலாம் என்று இந்தக் கேள்வி.

ஓடுவது பெரும்பாலும் கோத்தகிரி–மேட்டுப்பாளையம், குன்னூர்–ஊட்டி. மாதம் ஒருமுறை கோவை. வருடத்தில் ஓரிரு தடவை செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக். மழைக்காலத்திலும் வண்டி நிற்காது.

என் முன்னால் நாலு வழி இருக்கிறது. இதே 20 இன்ச், இதே சைஸ். அல்லது எஸ் மாடலுக்கு கம்பெனியே தரும் 19 இன்ச், அதாவது 235/40 முன், 265/40 பின். அல்லது 20-லேயே முன் டயரை மட்டும் 245/35 ஆக்குவது. கொண்டை ஊசியில் மூக்கு வெளியே தள்ளுவது குறையும் என்கிறார்கள். நாலாவது, ஜிடி4-இல் (718-இன் டிராக் வகை மாடல்) வரும் ரிம் ஒரு செட் விலைக்கு வருகிறது: 245/35, 295/30. பார்க்க அம்சமாக இருக்கிறது, மறுக்கவில்லை.

எது சரி? அப்படியே, கோவையில் அடித்த காற்று ஊட்டியில் வேறு எண் காட்டுகிறதே, எந்த ஊரில் வைத்து அடிப்பது என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நீலமலை_டார்க்

முதல்ல கணக்கைப் போட்டுருவோம்ங்க. பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துரும்.

235/35-னா 235 மி.மீ. டயர் அகலம், 35 சதவீதம். அகலத்தை அந்த சதவீதத்தால பெருக்கினா சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) உயரம். அதை ரெண்டு மடங்காக்கி ரிம் விட்டத்தோட கூட்டினா முழு விட்டம். ஒரு இன்ச்சுக்கு 25.4 மி.மீ. உங்க 20 இன்ச்சுல முன் டயர் 672.5 மி.மீ., பின் டயர் 693.5 மி.மீ. வருது. 19-ல 235/40 போட்டா 670.6, 265/40 போட்டா 694.6. சாதா 718-க்கு கம்பெனி கொடுக்கிற 18 இன்ச் 235/45, 265/45-ஐப் போட்டுப் பாருங்க: 668.7, 695.7. ரிம் ரெண்டு இன்ச் மாறினாலும் விட்டம் நாலு மில்லிமீட்டருக்கு மேல நகரல. ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், தரையிலிருந்து உயரம் எதுவும் மாறக்கூடாதுன்னு அவங்க போட்ட கணக்கு இது.

இதைவிட முக்கியம், பின் விட்டத்தை முன் விட்டத்தால வகுத்தா வர்ற எண். 20-ல 1.031, 19-ல 1.036, 18-ல 1.040. அதாவது பின் டயர் முன்னதைவிட 3.1 முதல் 4 சதவீதம் பெருசு. ஏபிஎஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் நாலு வீலோட சுழற்சியை ஒப்பிட்டுத்தான் எது வழுக்குதுன்னு முடிவு பண்ணுது. இந்த வித்தியாசம் அதுக்குத் தெரிஞ்ச வித்தியாசம்.

இப்ப உங்க மூணாவது வழி. முன்னால 245/35 ஆர்20 போட்டா விட்டம் 679.5. விகிதம் 1.021-க்கு இறங்கிருது. முன் வீல் எப்பவும் ஒரு சதவீதம் மெதுவா சுத்தும். கம்ப்யூட்டர் கண்ணுக்கு பின் வீல் நேர் ரோட்டிலேயும் லேசா வழுக்குற மாதிரி. இதனால உடனே மஞ்சள் விளக்கு எரியும்னு சொல்ல மாட்டேன், எரியாது. ஆனா பின் டயர் தேயும்ல? இந்த வண்டியில எடையும் பின்னால, இழுவையும் பின்னால, முதல்ல தேயறது அதுதான். 5 மி.மீ. தேஞ்சா விட்டம் 10 மி.மீ. குறையும். கம்பெனி சைஸ்ல அப்பவும் 1.016 மிச்சம் இருக்கும். உங்க 245 கணக்குல 1.006, கிட்டத்தட்ட சமம். அந்த நிலைமையில ஈர ரோட்டுல, வளைவுல ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கன்ட்ரோல் தேவைக்கு முன்னாடியே வந்து பவரைப் பிடுங்கும். ஓட்டுறவருக்கு "வண்டி என்னமோ சோம்பலா இருக்கு"ன்னு மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது.

மூக்கு தள்ளுறதுக்கு மருந்து வேற இடத்துல இருக்கு. முன் ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) மேல்முனையில நீள்துளை இருக்கு, அதுல நகர்த்தி கேம்பரை (சக்கரத்தோட சாய்வு; மேல்பக்கம் உள்ளே சாஞ்சா நெகடிவ்) ரெண்டு பக்கமும் சமமா எவ்வளவு நெகடிவ் வருமோ அவ்வளவு வையுங்க. அப்புறம் டோ-வை (சக்கரத்தோட முன்பக்கம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கிற அளவு) திரும்பச் சரி பண்ணுங்க, ஏன்னா கேம்பர் நகர்ந்தா டோவும் நகரும். அதுல கிடைக்கிற அரை டிகிரி தர்ற பிடி, 10 மி.மீ. அகலம் தராது. கொண்டை ஊசியில பிரேக்கை முழுசா விட்டுட்டுத் திருப்புறவங்களுக்குத்தான் இந்த வண்டி அதிகமா தள்ளும்; என்ஜின் நடுவுல இருக்கு, மூக்குல எடை கம்மி. லேசா பிரேக் பிடிச்சபடியே உள்ள போனா முன் டயருக்கு வேலை செய்ய எடை கிடைக்கும்.

ஜிடி4 ரிம்மைப் பத்தி ஒரே வரி: வேண்டாம். ஏன்னு ஆஃப்செட் கணக்கோட வேற யாராவது சொல்வாங்க, இல்லைன்னா நானே வர்றேன்.

என் ஓட்டு 19-க்கு. 20-ல முன் சைடுவால் 82 மி.மீ., 19-ல 94. அந்த 12 மி.மீ. ரப்பர்தான் மழைக்கு அப்புறம் அரவேணு பக்கத்துக் குழியில ரிம் உதட்டைக் காப்பாத்தும். இந்த வண்டியில ஸ்டெப்னி கிடையாது, பசை பாட்டிலும் கம்ப்ரசரும்தான். ட்ரெட்ல ஆணி ஏறினா பசை அடைக்கும். சைடுவால் கிழிஞ்சா அடைக்காது. ராத்திரி ஒன்பது மணிக்கு மலைப்பாதையில நின்னா கோவையிலிருந்து ஃபிளாட்பெட் வரணும்.

---

கல்லட்டி36

டார்க் அண்ணா சொன்ன விகிதக் கணக்கு சரி. ஆனா அதே கணக்கை வச்சே இன்னொரு வழி இருக்கே? 19-ல முன்னாடி 245/40, பின்னாடி 275/40 போடுங்க. விட்டம் 678.6, 702.6. விகிதம் 1.035, கம்பெனி 19-க்கு அச்சு அசல். வண்டி 4 மி.மீ. உயரும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டுறப்ப நிஜ வேகம் ஒண்ணேகால் கி.மீ. கூட, அவ்வளவுதான். சைடுவால் இன்னும் நாலு மில்லிமீட்டர் கூட கிடைக்குது. குழிக்கும் நல்லது, டிராக்குக்கும் நல்லது.

இன்னொண்ணு. எல்லாரும் சைஸைப் பத்தியே பேசறோம், ரப்பரைப் பத்தி யாரும் பேசல. டிராக் நாளுக்காக கப் 2 மாதிரி அரை ஸ்லிக் (பாதி ரேஸ் டயர்) போடலாம்னு நெனச்சிருந்தா இப்பவே விட்டுருங்க கோத்தகிரி. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை கொட்டும். கூடலூர், அவலாஞ்சி பக்கம் போனா ஆனியிலிருந்தே தென்மேற்கு. அந்த டயர்ல ட்ரெட் ஆழம் கம்மி, தண்ணி ஒதுங்க வழி இல்ல. மார்கழி, தை மாசக் காலையில தலைகுந்தாவுல புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்கும். சாதாரண சம்மர் டயரே 7 டிகிரிக்குக் கீழ ரப்பர் இறுகிடும். அரை ஸ்லிக் அதைவிட மோசம், சூடு ஏறுற வரைக்கும் பிளாஸ்டிக் மாதிரி. நம்ம ரோட்டுல வேகம் கம்மி, அது சூடாகவே மாட்டேங்கும். நல்ல சம்மர் டயர் போட்டு, குளிர் காலையில முதல் பத்து கிலோமீட்டர் பொறுமையா போனா போதும்.

தேயிலை லாரி சிந்துன மண், யூகலிப்டஸ் இலை, மூடுபனி ஈரம் மூணும் சேர்ந்து கிடக்குற வளைவுல எந்த டயரும் ஒண்ணுதான், அது வேற கதை.

---

மைக்ரோமீட்டர்

கல்லட்டி, விகிதம் சரியாக வருகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 245/40 டயர் உட்காரக்கூடிய ரிம் அகலம் 8 முதல் 9.5 இன்ச். கம்பெனி 19 இன்ச் முன் ரிம் 8ஜே. அதாவது எல்லையின் கீழ் விளிம்பு. குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் சைடுவால் வெளியே பிதுங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முதலில் சைடுவால் மடிந்து, பிறகுதான் ட்ரெட் திரும்பும். கேமன் வாங்குவதே அந்த ஸ்டியரிங்குக்காக. அதை மழுங்கடித்துவிட்டு அகலம் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 8.5ஜே ரிம் இருந்தால் உங்கள் யோசனைக்கு அர்த்தம் உண்டு.

அகலம் கூடினால் பிடி கூடும் என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தரையில் டயர் பதியும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் மேல் உள்ள எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும். அகலம் அந்தப் பரப்பின் வடிவத்தை மாற்றும்: குட்டையாக, அகலமாக. காய்ந்த ரோட்டில் வளைவில் அது உதவும். தேங்கிய நீரில் அதுவே எதிரி. அகலமான பட்டை அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டும், சீக்கிரம் மிதக்கத் தொடங்கும். சுமார் 1,385 கிலோ வண்டி, அதில் பாதிக்கும் மேல் பின்னால். முன்னால் 235 போதும் என்று அவர்கள் நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது.

அடுத்து, கிடைப்பது. 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்த பிறகு, நினைத்த சைஸை நினைத்தபோது வாங்க முடிவதில்லை. 275/40 ஆர்19 என்று கேட்டால் பெரிய செடான்களுக்கான ரன்ஃபிளாட்தான் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) முதலில் நீட்டுவார்கள். ரன்ஃபிளாட்டின் சைடுவால் கனம், விறைப்பு. இந்த வண்டியின் சஸ்பென்ஷன் அதற்காகச் செய்ததல்ல. 235/40, 265/40 ஜோடியில் போர்ஷேவுக்கென்றே 'என்' குறியிட்ட டயர் இருக்கிறது. என்0, என்1 என்று வரும். நாலிலும் ஒரே மாடல், ஒரே என் எண் இருக்க வேண்டும். முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி என்று கலக்காதீர்கள். என் குறி இல்லாத நல்ல டயர் போட்டால் வண்டி ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் நாலும் ஒரே மாடலாக இருக்கட்டும்.

லோடு எண்ணைப் பாருங்கள். 19-இல் முன்னால் 92 (ஒரு டயருக்கு 630 கிலோ), பின்னால் 98 (750 கிலோ). இதற்குக் கீழே போகாதீர்கள். மேலே போகலாம், 96 என்று எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) கிடைத்தால் வாங்கலாம், சைடுவால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். வேகக் குறி ஒய், அதாவது மணிக்கு 300 கி.மீ. குன்னூர் ரோட்டில் எதற்கு ஒய் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேகத்துக்காக மட்டும் அல்ல, அந்த டயர் தாங்கும் சூட்டுக்காகவும்தான். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பிரேக் சூட்டில் ஒரு பகுதி ரிம் வழியாக டயருக்கும் வரும்.

தயாரிப்புத் தேதி சைடுவாலில் நாலு இலக்கமாக இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1424 என்றால் 2024-இன் 14-ஆவது வாரம். மெதுவாக விற்கும் சைஸ்களில் மூன்று வருடம் குடோனில் கிடந்ததைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பணம் கொடுக்கும் முன் நாலையும் படித்துப் பாருங்கள், ஐஎஸ்ஐ முத்திரையையும்.

---

கோத்தகிரி_கியர்

நன்றி சார், நன்றி அண்ணா. 19 என்று மனது வந்துவிட்டது. ஆனால் கம்பெனி 19 இன்ச் ரிம் விலை தலையைச் சுற்றுகிறது. வெளிக்கம்பெனி ரிம் ஒன்று பார்த்தேன்: முன் 8.5ஜே ஈடி50, பின் 10ஜே ஈடி40, பிசிடி (போல்ட் துளை வட்டம்) 5×130. "அப்படியே உட்காரும்" என்கிறார் விற்பவர். இதில் கல்லட்டி சொன்ன 245-ம் போடலாம் அல்லவா? இல்லை, செலவைக் குறைக்க 18-க்கே போய்விடலாமா?

---

மைக்ரோமீட்டர்

போல்ட் துளை பொருந்துவது வேறு, உட்காருவது வேறு.

ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் படியும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட், அதாவது ஈடி எண். எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும். அரை இன்ச் அகலம் கூடினால் இருபக்கமும் 6.35 மி.மீ. பரவும். உங்கள் முன் ரிம் 8ஜே ஈடி57. அவர் காட்டியது 8.5ஜே ஈடி50. வெளி உதடு 6.35-உம் 7-உம் சேர்த்து 13.35 மி.மீ. வெளியே வரும். உள் உதடு ஸ்ட்ரட்டிலிருந்து 0.65 மி.மீ. விலகும். உள்ளே ஆபத்தில்லை, வெளியேதான் தொல்லை. சமதளத்தில் நிறுத்தி ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தால் எதுவும் இடிக்காது. விற்பவர் அதைத்தான் காட்டுவார். கொண்டை ஊசியில் ஸ்டியரிங் முழுத் திருப்பம், வெளிப்பக்க சஸ்பென்ஷன் அமுங்கியிருக்கும், அடியில் ஒரு குழி. அந்த மூன்றும் சேரும்போதுதான் ஃபெண்டர் லைனரில் டயர் உரசும்.

இன்னொரு விளைவு கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தின் நடுக்கோடு 7 மி.மீ. வெளியே நகர்ந்தால், ஸ்டியரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் நடுவுக்கும் உள்ள தூரம் அதே அளவு மாறும். ஒரு பக்க டயர் குழியில் விழுந்தால் ஸ்டியரிங் கையில் உதறும், ரோட்டு வரிப்பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு ஓடும். பேரிங் மேல் நெம்பு விசையும் கூடும். பின்னால் 10ஜே ஈடி40 என்பது உங்கள் இப்போதைய ரிம்மைவிட 5 மி.மீ. மட்டும் வெளியே, அது பெரிய விஷயமில்லை. முன்னால் ஈடி57-க்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குள் தேடுங்கள்.

ஜிடி4 ரிம் கணக்கும் இதே வழிதான். முன் 8.5ஜே ஈடி61, பின் 11ஜே ஈடி50. உங்கள் வண்டியில் முன் உள் உதடு 10.35 மி.மீ. ஸ்ட்ரட் பக்கம் போகும். பின்னால் உள்ளே 17.7 மி.மீ., வெளியே 7.7 மி.மீ. பரவும். ஜிடி4-இன் முன் சஸ்பென்ஷன் வேறு, இடது, வலது சக்கரங்களின் இடைவெளி வேறு. டயர் விட்டமும் 679.5, 685, விகிதம் வெறும் 1.008. அந்த வண்டியின் கம்ப்யூட்டருக்கு அது சரி. உங்களுடையதற்கு அந்நியம்.

சென்டர் போர் (ரிம்மின் நடுத்துளை) 71.6 மி.மீ. வெளிக்கம்பெனி ரிம் பெரிய துளையோடு வந்து, வளையம் போட்டுச் சரிக்கட்டுவார்கள். பிளாஸ்டிக் வளையம் மலை இறக்கச் சூட்டில் இளகும், அலுமினியம் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், போர்ஷே போல்ட்டின் இருக்கை உருண்டை வடிவம். சந்தையில் பாதி ரிம்களின் இருக்கை கூம்பு. உருண்டையைக் கூம்பில் இறுக்கினால் மெல்லிய ஒரு கோட்டில் மட்டும்தான் படியும். டார்க் ரெஞ்ச் சரியான எண் காட்டும், நூறு கி.மீ. ஓடியதும் தளர்ந்திருக்கும். ரிம்முக்குரிய போல்ட்டை ரிம்மோடு சேர்த்து வாங்குங்கள். எம்14×1.5 மரை, கையால் சுற்றும்போது குறைந்தது ஏழெட்டு முழுச் சுற்று உள்ளே போக வேண்டும். ஸ்பேசர் போட்டால் போல்ட்டும் அதே கனம் நீளமாக வேண்டும்.

வார்ப்பு ரிம்மா, ஃபோர்ஜ்டா (அழுத்தி அடித்துச் செய்தது) என்பதில் மலைக்கு என் பதில் தெளிவு. அடி வாங்கினால் ஃபோர்ஜ்டு வளையும், வார்ப்பு விரியும். வளைந்ததைக் கண்டுபிடிக்கலாம், அதிரும். விரிசல் உள் உதட்டில் ஒளிந்துகொண்டு தினம் இரண்டு பிஎஸ்ஐ குடித்துக்கொண்டிருக்கும், வால்வைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். ஜேடபிள்யூஎல் (ஜப்பான் ரிம் தரம்) முத்திரையோ, அந்த ரிம்மின் சுமைத் தாங்கு எண்ணோ உள்பக்கம் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை வாங்காதீர்கள். பழைய கம்பெனி 19 இன்ச் செட் தேடுவது இன்னும் உத்தமம்: 8ஜே ஈடி57, 10ஜே ஈடி45. கணக்கே போட வேண்டாம், இன்சூரன்ஸ்காரரிடம் விளக்கவும் வேண்டாம்.

18-ஐப் பொறுத்தவரை, எஸ் மாடலின் முன் காலிப்பர் (டிஸ்கைக் கவ்வும் பிரேக் பாகம்) சாதா 718-இனுடையதைவிடப் பெரியது. ரிம்மைக் கையில் வாங்கி மாட்டிச் சுற்றிப் பார்க்காமல் 18 வாங்கக் கூடாது. ஸ்போக்கின் பின்முகத்துக்கும் காலிப்பருக்கும் நடுவே 3 மி.மீ.யாவது வேண்டும், ஸ்போக்கின் உள்பக்கம் ஒட்டுகிற பேலன்ஸ் எடைக்கும் அதில் இடம் போகும். செராமிக் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு 18 என்ற பேச்சே இல்லை.

---

மஞ்சூர்_ரோடு

காற்றுக் கேள்விக்கு யாரும் வரல, அதனால நான்.

கேஜ் காட்டுறது உள் அழுத்தம் கழித்தல் வெளிக்காற்று அழுத்தம். கோவை 411 மீட்டர் உயரம், வெளிக்காற்று ஏறத்தாழ 14 பிஎஸ்ஐ. ஊட்டி 2,240 மீட்டர், அங்க 11.2 சுமார். வெப்பம் மாறாம மேல ஏறினா கேஜ் 2.8 பிஎஸ்ஐ கூடக் காட்டணும். ஆனா மேல போனா குளிரும், குளிர்ந்தா உள் அழுத்தம் குறையும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுக்குது.

உதாரணத்துக்கு 33 பிஎஸ்ஐ வச்சுக்குவோம் (உங்க எண் கதவோர ஸ்டிக்கர்ல இருக்கு, அதைத்தான் எடுக்கணும்). கோவையில 35 டிகிரி மதியம் 33 அடிச்சு, ஊட்டியில 15 டிகிரியில வண்டி ஆறின பிறகு பார்த்தா 32.8. மாறவே இல்லைன்னு தோணும். அதே வண்டி விடியற்காலை 5 டிகிரியில நின்னா 31.2. ஆனா கோவையில காலை 22 டிகிரியில 33 அடிச்சுட்டு, ஊட்டியில மதியம் 20 டிகிரியில பார்த்தா 35.5. ஏமாத்துறது இதுதான். வெப்பம் பெருசா மாறல, உயரம் மட்டும் மாறிருச்சு.

உங்க வண்டி தூங்குறது கோத்தகிரியில. அதனால கோத்தகிரியிலேயே, காலையில, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி அடிங்க. நல்ல கேஜ் ஒண்ணு சொந்தமா வச்சுக்கங்க. பங்க்ல இருக்கிற கேஜ் ஒண்ணு சொன்னதை இன்னொண்ணு சொல்லாது. அங்க காலை 8 டிகிரியில 33 அடிச்சது, கோவை 35 டிகிரி மதியத்துல ஓட்டாமலேயே 35.1 காட்டும். அது தப்பில்ல, விட்டுருங்க.

செய்யவே கூடாதது: மேட்டுப்பாளையத்துல இறங்கினதும் பஞ்சர் கடையில நிறுத்தி காத்தைக் குறைக்கிறது. 1,790 மீட்டரிலிருந்து 300 மீட்டருக்கு இறங்கி வந்திருக்கீங்க, உயரம் குறைஞ்சதுல கேஜ் கொஞ்சம் இறங்கினாலும் சமவெளி வெப்பம், பிரேக் சூடு, ரோட்டு உரசல் எல்லாம் சேர்ந்து நாலஞ்சு பிஎஸ்ஐ ஏறியிருக்கும். அதைப் பிடுங்கிட்டா மறுநாள் காலை மலைமேல வண்டி 28-ல நிக்கும். 35, 40 ப்ரொஃபைல் டயர்ல 28-னா குழி நேரா ரிம்மைத் தொட்டுரும். பிடிகே-யை மேனுவல்ல போட்டு ரெண்டாவது, மூணாவது கியர்ல இறங்குங்க, டயர் சூடும் குறையும்.

எக்ஸ்எல் டயர் வாங்கினா ஒரு விஷயம். அதே எடையைத் தாங்க அதுக்கு சாதா டயரைவிட கொஞ்சம் கூட காத்து வேணும். லோடு எண் 4 கூட இருக்குதேன்னு காத்தைக் குறைச்சா கணக்கு தலைகீழாயிரும்.

---

கோத்தகிரி_கியர்

கம்பெனி 19 இன்ச், பழைய செட் ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது. 235/40, 265/40 என்றே முடிவு. மாட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன? கடைக்காரர்கள் பொதுவாக எதில் சொதப்புவார்கள்?

---

நீலமலை_டார்க்

பழைய ரிம்னா வாங்குறதுக்கு முன்னாடி டயர் இல்லாம பேலன்ஸ் மெஷின்ல வெறும் ரிம்மைச் சுத்தச் சொல்லுங்க. உதட்டுகிட்ட ஒரு பேனா முனையை வச்சா வளைவு கண்ணுக்கே தெரியும். உள் உதட்டை மண்ணெண்ணெய் துணியால துடைச்சு, டார்ச் அடிச்சு முழுச் சுத்தும் பாருங்க. வெல்டிங் போட்டுப் பெயின்ட் அடிச்ச ரிம் சந்தையில நிறைய சுத்துது; உள்பக்கம் பெயின்ட் புதுசா பளபளன்னா சந்தேகப்படுங்க.

டயர் மாத்துற கடையில நெம்புகோல் இல்லாத மெஷின் இருக்கணும். ஏர் பிரஷர் சென்சார் வால்வு அடியிலேயே உட்கார்ந்திருக்கும். டயர் ஓரத்தை ரிம்லிருந்து பிரிக்கிற தட்டு வால்வு பக்கம் அமுக்கினா சென்சார் காலி. சென்சார் பேட்டரி ஏழு வருஷம் தாண்டியிருந்தா டயர் கழட்டின கையோட புது சென்சார் போட்டுருங்க, தனியா இன்னொரு கூலி எதுக்கு? மாட்டினதும் மீட்டர் மெனுவுல டயர் வகையையும் சைஸையும் 20-லிருந்து 19-க்கு மாத்தணும். இதை மறந்துட்டு "சென்சார் கோளாறு"ன்னு அலையறவங்கதான் ஜாஸ்தி. மாத்தினதும் வண்டி கொஞ்ச தூரம் ஓடினாத்தான் சென்சாரை அடையாளம் கண்டுக்கும்.

தூக்குறப்ப அடியில இருக்கிற நாலு ஜாக் புள்ளியைத் தவிர வேற எங்கேயும் முட்டுக் கொடுக்க விடாதீங்க. இது நட்டு இல்ல, போல்ட்டு; வீலைப் பிடிச்சு நிறுத்த ஸ்டட் கிடையாது. ஹப்புல வழிகாட்டிக் கம்பியை மாட்டி அதுல வீலை ஏத்தணும். அது இல்லாம ஏத்தினா ரிம் வழுக்கி டிஸ்க்லயும் காலிப்பர் பெயின்ட்லயும் கோடு போடும். ஹப் முகத்தைக் கம்பி பிரஷால தேய்ச்சு துரு எடுக்கணும். நம்ம ஊர் ஈரத்துக்கு அலாய் ஹப்போட ஒட்டிக்கும், அடுத்த தடவை கழட்ட வராது.

போல்ட் மரையில அலுமினியம் பேஸ்ட் மெல்லிசா ஒரு பூச்சு போடலாம். ரிம்ல படியற உருண்டை முகத்துல மட்டும் ஒரு துளி படக்கூடாது. பட்டா அதே டார்க்குக்கு போல்ட் அதிகமா இழுபடும். ஏர் கன் கிட்டவே வரக்கூடாது. கையால சுத்தி உட்கார வச்சு, குறுக்கு வரிசையில பாதி இறுக்கி, வண்டியைக் கீழ இறக்கி டார்க் ரெஞ்சால 160 நியூட்டன் மீட்டர். கடைக்காரர் "கை அளவு தெரியும் சார்"னு சொன்னா வேற கடை பாருங்க.

அலைன்மென்ட் கட்டாயம். பின் டயர்ல உள் ஓரம் மட்டும் தேயற வண்டி இது, வெளியிலிருந்து பார்த்தா புதுசா தெரியும், உள்ளே கம்பி எட்டிப் பார்க்கும். பழைய டயரைக் கழட்டினதும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூணு இடத்துலயும் ஆழம் அளந்து எழுதி வைங்க. அந்த மூணு எண்ணையும் அலைன்மென்ட் ஆளுகிட்டக் காட்டினா பின் டோ எந்தப் பக்கம் போயிருக்குன்னு அவருக்குப் புரியும். டேங்க் பாதிக்கு மேல பெட்ரோல் இருக்கட்டும், காத்து சரியா இருக்கட்டும், அப்புறம் மெஷின்ல ஏத்துங்க.

புது டயர் மேல அச்சிலிருந்து கழட்டப் போட்ட வழுக்குப் பூச்சு இருக்கும், முதல் 200, 300 கி.மீ. வளைவுல அழுத்தாதீங்க. 80, 100 கி.மீ. ஓடினதும், வீல் ஆறின பிறகு, ஒருமுறை டார்க் ரெஞ்ச் வச்சுப் பார்த்துருங்க. ஒண்ணாவது அசைஞ்சா இருபதையும் தளர்த்தி, வீல் வீலா முதல்லயிருந்து இறுக்குங்க.